கிளீனர் கழுத்தில் ஒரு சொட்டு

உலகத்தில் ஆடு வளர்ப்பவர் உண்டு, கோழி வளர்ப்பவர் உண்டு, மீன் வளர்த்து அதற்குப் பெயர் வைத்துக் கொஞ்சுபவரும் உண்டு. இவள் தெள்ளுப்பூச்சி வளர்த்தாள். சிரிக்க வேண்டாம், நிஜமாகவே அதுதான் அவள் வேலை. நாய் மேலும் பூனை மேலும் குதித்துத் திரியுமே, விரலால் நசுக்கினால் சாகாமல் இரண்டு நகத்துக்கு நடுவில் வைத்தால்தான் 'டப்'பென்று உடையுமே, அதே சனியன்தான். கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில், கண்ணாடி ஜாடிகளில் முப்பத்தோரு வருஷமாக வளர்த்தாள். அங்கே எல்லாருக்கும் அவள் தெள்ளக்கா. அவளைவிட மூத்த டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் கோபம் இல்லை, கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

எதற்கு இந்தப் பீடையை மெனக்கெட்டு வளர்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். வெளியே திரியும் தெள்ளுக்கு மருந்து பழகிப்போய்விட்டது. அடித்து அடித்து அதன் உடம்பு மரத்துவிட்டது. புதிதாக ஒரு மருந்து வந்தால் அதற்கு வேகம் இருக்கிறதா என்று பார்க்க, மருந்து வாசனையே அறியாத பூச்சி வேண்டும். தெள்ளக்காவின் ஜாடியில் இருந்தது அந்த வம்சம். அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு தெருப்பூனையின் உடம்பிலிருந்து சீப்பால் வாரியெடுத்த முப்பது பூச்சிகள். அவற்றின் பேரன், பேத்தி, கொள்ளுப்பேரன் என்று போய்க்கொண்டே இருந்தது.

அதற்குச் செய்த பணிவிடை இருக்கிறதே, மாப்பிள்ளைக்குக்கூட அப்படி யாரும் செய்ய மாட்டார்கள். சூடு ஒரே அளவில் இருக்க வேண்டும், ஈரம் ஒரே அளவில் இருக்க வேண்டும். காற்று காய்ந்தால் புழு சுருண்டுவிடும், ஈரம் ஏறினால் பூஞ்சை பிடித்துவிடும். இறைச்சிக் கூடத்திலிருந்து வரும் ரத்தத்தை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, மெல்லிய தோல் மாதிரி ஒரு தாள் கட்டி, அதன் வழியாகக் குடிக்கவைப்பாள். குடித்த ரத்தத்தில் பாதியைத் தாய்ப்பூச்சி கறுப்புத் துகளாகக் கழித்துவிடும். அதைத்தான் புழு தின்று வளரும். வளர்ந்ததும் மணலைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் பூச்சி முழுசாகிவிட்டாலும் சும்மா வெளியே வராது. யாராவது நடந்து வரும் அதிர்வு வேண்டும், மூச்சுக்காற்று வேண்டும். அது வரும்வரை வாரக்கணக்கில், மாசக்கணக்கில்கூடக் காத்துக்கிடக்கும். பார்க்க வருகிறவர்களுக்கு அவள் காட்டும் வித்தை அதுதான். செத்த மண் மாதிரிக் கிடக்கும் ஜாடியை இரண்டு தட்டுத் தட்டி, வலைத்துணி மேல் 'ஃபூ' என்று ஊதுவாள். கொஞ்ச நேரத்தில் ஜாடி பொரிய ஆரம்பிக்கும். வந்தவர்கள் அலறியடித்துப் பின்வாங்குவார்கள். இவளுக்கு ஏகச் சந்தோஷம்.

பிள்ளை இல்லாதவள். அதற்காக யாராவது பரிதாபப்பட்டால், "யாருக்கு இல்ல? எனக்கா? வந்து எண்ணிப் பாரு" என்பாள்.

வேலைக்குச் சேரும்போதே ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பூச்சி அறையில் வேலை செய்பவர் வீட்டில் பூச்சி மருந்து என்று எதுவும் இருக்கக் கூடாது. கொசுவத்தி கூடாது, கரப்பானுக்கு அடிப்பது கூடாது, நாய் இருந்தால் அதற்குத் தெள்ளு மருந்து கூடாது. கையில் ஒட்டி, துணியில் ஒட்டி உள்ளே வந்தால் போச்சு. அது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஒரு தடவை படிக்க வந்த ஒரு பையன் விடுதி அறையில் கரப்பானுக்கு அடித்துவிட்டு, அதே காலுறையோடு உள்ளே நுழைந்தான். சாயங்காலத்துக்குள் நாலு ஜாடி காலி. தெள்ளக்கா அன்றைக்குப் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டடத்து மாடுகள் எல்லாம் எழுந்து நின்றனவாம். அன்றிலிருந்து சாவி அவள் இடுப்பில்தான். கண்ணாடி சாமான் கழுவுகிற பெண் ஒருத்தி இருந்தாள். அவள்கூடக் கதவின் கண்ணாடிக்கு வெளியே நின்று ஜாடியை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். டாக்டரம்மா இரண்டு மூன்று தடவை, "அந்தப் பொண்ணுக்கும் சொல்லிக் குடுங்க, உங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்" என்றாள். டாக்டரம்மாதான் அந்தப் பிரிவுக்குத் தலைவி. "அவளா? ஜாடியை உடைக்காம கழுவினாலே பெருசு" என்று தெள்ளக்கா தட்டிக்கழித்துவிட்டாள்.

வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். மாசத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். வீட்டில் இருக்கும் நாளிலும் இவள் ஜாடியைப் பார்க்க ஓடிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகூடப் பூச்சிக்குப் பசிக்குமே! "எனக்குச் சக்களத்தி ஆறு கால்ல வந்திருக்கா" என்று டிரைவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஒரு பயணத்தில் சாலையோரம் அடிபட்டுக் கிடந்த குட்டி நாயைத் தூக்கி வந்தார். லாரியில் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து வந்ததால் அதற்குக் கிளீனர் என்று பெயர். வேலையைவிட்டு நின்ற பிறகும் அவர் எங்கே போனாலும் கிளீனர் ஒரு முழம் பின்னால் போகும்.

அப்படி நின்று, இனிமேலாவது இரண்டு பேரும் ஒரே கூரைக்கு அடியில் இருக்கலாம் என்று நினைத்த வருஷம்தான் அவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இடது கையும் இடது காலும் அசையாது. உணர்ச்சி மட்டும் இருந்தது. பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் கிண்டல் குறையவில்லை. முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டாள். கிளீனர் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது, அவர் கால்மாட்டில் ஏறிக்கொண்டது, அசையவே இல்லை. காலையில் அவருக்கு எல்லாம் செய்துவிட்டு இவள் நிலையத்துக்குப் போவாள். மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா வந்து சாப்பாடு கொடுப்பாள்.

மழை விட்டுப் புழுக்கம் தொடங்கியபோது கிளீனர் சொறிய ஆரம்பித்தது. தெள்ளக்கா வாலடி ரோமத்தைப் பிரித்து ஒரே பார்வை பார்த்தாள். கறுப்புத் துகள். ஈரப்பஞ்சில் வைத்துத் தேய்த்தாள். சிவப்பாகக் கரைந்தது. முப்பத்தோரு வருஷம் ஊருக்கெல்லாம் தெள்ளு மருந்து சரிபார்த்தவள் வீட்டுக்குள் தெள்ளு வந்து உட்கார்ந்துவிட்டது, இதை எங்கே போய்ச் சொல்ல!

மருந்து ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. கடையில் கிடைக்கும் குட்டிக் குப்பி. நாயின் பிடரியில் ரோமத்தை விலக்கி ஒரு சொட்டு. இரண்டு நாளில் எல்லாம் அடங்கிவிடும். ஊரில் நாய் வைத்திருக்கும் எவரும் வைப்பதுதான். ஆனால் அங்கே நிலையத்தில் புது மருந்துக்கு மூன்று மாதப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. வாராவாரம் இவள் ஜாடிப் பூச்சியைத்தான் மருந்து வைத்த நாய் மேலும் வைக்காத நாய் மேலும் விட்டு எண்ணினார்கள். இவள் பூச்சி சீக்குப் பிடித்துச் செத்தால் மொத்தக் கணக்கும் பொய்யாகிவிடும். கையெழுத்துப் போட்ட தாள் வேறு. அதனால் மருந்தைத் தவிர எல்லாம் செய்தாள். விடிந்ததும் பல் நெருக்கமான சீப்பால் கிளீனரை வாரி சோப்புத் தண்ணீரில் உதறினாள். போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டாள். கட்டிலுக்கு அடியில் விளக்கை வைத்து, அதன் கீழே சோப்புத் தண்ணீர்த் தட்டு வைத்தாள். தினமும் தட்டில் இருபது முப்பது செத்துக்கிடக்கும். அதைவிடப் பல மடங்கு தரைப் பிளவில் முட்டையாகவும் புழுவாகவும் இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

டிரைவருக்குக் கடி கணுக்காலில். வலது கை நன்றாக இருந்தது, ஆனால் குனிந்து கால்வரை எட்டாது. ஒரு நீள மரக்கரண்டியை எடுத்துக் கொடுத்தாள். அதைக் கட்டிலோரம் செருகிவைத்துக்கொண்டு, "கியர் கம்பி கிடைச்சாச்சு" என்றார். அதைவைத்துக் காலைச் சொறிவார். கரண்டி எட்டாத இடத்தில் இவள் சொறிந்துவிடுவாள், இவள் இருக்கும்போது. இவள் இல்லாத பொழுதுதான் அதிகம்.

முதல் தடவை விளையாட்டாகத்தான் கேட்டார். "ஏம்மா, கிளீனருக்கு ஒரு சொட்டு வைச்சா என்ன? உன் டாக்டரம்மாகிட்ட யாரு சொல்லப்போறா? நானா, இவனா?"

"பூச்சியே சொல்லிடும்ங்க" என்றாள். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இவளும் சிரித்தாள்.

இரண்டாவது தடவை அவர் கேட்டபோது, "இவனை வேணா என் தங்கச்சி வீட்டுல விட்டுட்டு வரட்டுமா?" என்றாள். அவர் கை கிளீனர் தலையில் போய் உட்கார்ந்தது. அதற்குமேல் அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மூன்றாவது தடவை கிண்டல் இல்லை. காலையில் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். "இந்தா, இங்க வா" என்றார். கிட்டே போனாள். "ராத்திரியெல்லாம் பொறுக்க முடியலம்மா. காலு என்னோடதுதான், ஆனா எட்ட முடியல. எனக்காக ஒரு சொட்டு வைச்சுடேன்."

முப்பத்தைந்து வருஷத்தில் அவர் 'எனக்காக' என்று எதையும் கேட்டதில்லை. அது அவளுக்கும் தெரியும். இருந்தும் வாய் என்ன சொன்னது தெரியுமா? "இன்னும் இருபத்துமூணே நாள்தாங்க. பரிசோதனை முடிஞ்ச அன்னைக்கே வைச்சுடறேன். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"சரிம்மா" என்றார். அப்புறம் அவர் கேட்கவே இல்லை.

லீவு போட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவளுக்கும் தோன்றத்தான் செய்தது. தோன்றிய உடனே, 'நான் போகாம யாரு பாப்பா? அந்தக் கழுவுறவளா? ஒரு வாரத்துல வம்சமே அழிஞ்சுடும்' என்று அதை உதறிவிட்டாள். டாக்டரம்மாவிடம் வீட்டில் இப்படி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெள்ளக்கா வீட்டில் தெள்ளு என்று தெரிந்தால் மானம் போய்விடும் என்று வேறு ஒரு பயம். மானமாம், மானம்!

பன்னிரண்டு நாள் போயிற்று. அன்று பரிசோதனைக்கு அந்த வாரத்துப் பூச்சித் தொகுதி எடுக்க வேண்டிய நாள். பூச்சி அறைக்குள் போன், செருப்பு எதுவும் போகக் கூடாது, எல்லாம் வெளி அலமாரியில். அவள் உள்ளே நின்று உப்புத்தூள் மாதிரி இருக்கும் முட்டைகளைச் சல்லடையில் பிரித்துக்கொண்டிருந்தாள். கழுவுகிற பெண் வந்து கண்ணாடியைத் தட்டினாள். "இருடி, எண்ணிக்கிட்டிருக்கேன்" என்று கையாலேயே சைகை காட்டினாள். அவள் போகவில்லை, தட்டிக்கொண்டே இருந்தாள். வெளியே வந்து போனைப் பார்த்தபோது பக்கத்து வீட்டு அக்கா ஒன்பது தடவை கூப்பிட்டிருந்தாள்.

வீட்டுக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. மறுபடியும் தலையில் ரத்தக்குழாய் வெடித்ததுதான் என்றார்கள். மரக்கரண்டி தரையில் கிடந்தது. கிளீனர் கட்டிலுக்கு அடியிலிருந்து வர மறுத்தது.

பக்கத்து வீட்டு அக்காவும் இவளுமாக உடம்பைத் துடைத்தார்கள். முகம், மார்பு, கை எல்லாம் துடைத்துவிட்டுக் காலுக்கு வந்தாள். கணுக்காலைச் சுற்றி மூன்று மூன்றாக, வரிசை வரிசையாகச் சிவப்புப் புள்ளி. சில இடம் கரண்டி பட்டுத் தோல் உரிந்து பொருக்குக் கட்டியிருந்தது. பூச்சியைப் பார்த்தால் எண்ணுவது அவள் கைப்பழக்கம். தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்தாள். நாற்பத்தேழு வந்ததும், "அக்கா, நீங்க துடைங்க" என்று துணியைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அந்த அக்கா, பாவம், புருஷன் போன துக்கம் என்று மட்டும் நினைத்தாள்.

தங்கை வந்து வீட்டைப் பூட்டி, கிளீனரையும் இவளையும் தன் ஊருக்கு இழுத்துக்கொண்டு போனாள். முதல் ஒரு வாரம் தெள்ளக்கா எதையும் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் பார்த்தாள், கிளீனர் சொறியவில்லை. வெயிலில் கால் நீட்டிப் படுத்திருந்தது.

"இவனுக்கு என்னடி பண்ணின?"

"வந்த அன்னைக்கே கழுத்துல ஒரு சொட்டு வைச்சேன். மூணு நாள்ல நின்னுடுச்சு. பாவம், எப்படிச் சொறிஞ்சுது தெரியுமா? இத்தனை நாள் நீ ஏன்க்கா வைக்கல?"

"யாரைக் கேட்டுடி வைச்ச?" என்று கத்தினாள். தெருவே திரும்பிப் பார்த்தது.

தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. "நாய்க்கு மருந்து வைக்க யாரைக் கேக்கணும்?" என்றாள்.

தெள்ளக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவர் போன இருபத்துநாலாவது நாள் கிளீனரைத் தங்கையிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினாள். வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேரே நிலையம். வழியெல்லாம் பரிசோதனை பாழாகியிருக்கும், ஜாடியெல்லாம் பூஞ்சை பூத்திருக்கும், முப்பத்தோரு வருஷத்து வம்சம் மண்ணாகியிருக்கும் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே வந்தாள். உண்மையைச் சொன்னால், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனதின் ஒரு மூலை வேண்டிக்கொண்டது. அப்படி இருந்தால்தான் அந்த மனுஷனிடம் 'பொறுத்துக்குங்க' என்று சொன்னதற்கு ஒரு அர்த்தம்.

மருந்து வைத்த நாயைத் தொட்டவள், அதனால் உள்ளே போக முடியாது. கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஜாடிகள் வரிசையாக இருந்தன, அவள் அடுக்குவதைப்போலவே அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் பூச்சி துள்ளிக்கொண்டிருந்தது. கழுவுகிற பெண் உள்ளே வெள்ளை அங்கியில் சல்லடையோடு நின்றாள். இவளைப் பார்த்ததும் பேய் அறைந்த மாதிரி ஆகி வெளியே ஓடி வந்தாள்.

"திட்டாதீங்கக்கா. டாக்டரம்மாதான் மாத்துச் சாவி குடுத்துச் செய்யச் சொன்னாங்க."

"உனக்கு யாருடி சொல்லிக் குடுத்தா?"

"யாரும் குடுக்கல. ஆறு வருஷமா இந்தக் கண்ணாடிக்கு வெளிய நின்னு உங்களையே பாத்துக்கிட்டிருக்கேன்ல."

டாக்டரம்மா வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். துக்கம் விசாரித்தாள். பரிசோதனை நன்றாக முடிந்தது, ஒரு தொகுதிகூடக் கெடவில்லை, மருந்து தேறிவிட்டது, நீங்கள் கவலைப்படாமல் இருங்கள் என்று ஆறுதலாகச் சொன்னாள். ஆறுதல்தான், வேறென்ன.

"டாக்டரம்மா, ஒரு சந்தேகம்" என்றாள் தெள்ளக்கா. "என் வீட்டு நாய்க்கு மருந்து வைச்சா, நான் எத்தனை நாள் உள்ள வரக் கூடாது?"

"மருந்தோட வேகம் போற வரைக்கும். ஒரு மாசம்னு வைச்சுக்குங்களேன்."

"ஒரு மாசம் நான் இல்லைன்னா, இது..."

டாக்டரம்மா சிரித்தாள். நல்ல மனுஷி, மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. "இப்ப மட்டும் நீங்க இருந்தீங்களா என்ன? கேட்டிருந்தா எப்பவோ லீவு குடுத்திருப்பேனே. ஏன், நாய்க்கு ரொம்பத் தொல்லையா?"

"நாய்க்கு இல்லைங்க" என்றாள். இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து, கழுவுகிற பெண்ணின் கையில் வைத்தாள். அவள் வேண்டாம் வேண்டாம் என்று பதறினாள். "வைச்சுக்கோடி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

வீட்டுக்கு வந்தபோது உச்சி வெயில். பூட்டைத் திறந்தாள். இத்தனை நாள் அடைபட்ட புழுக்கம் முகத்தில் அடித்தது. முன்னறை வாசலில் நின்றாள். கட்டில் அப்படியே இருந்தது. மரக்கரண்டியை யாரோ எடுத்துக் கட்டிலோரம் செருகிவைத்திருந்தார்கள். வேறு யாராவது என்றால் சட்டென்று உள்ளே போயிருப்பார்கள். அவளுக்குத் தெரியும், இந்தத் தரைப் பிளவில் கூட்டுக்குள் அவை தயாராகக் காத்திருக்கின்றன. ஒரு காலடி அதிர வேண்டும், ஒரு மூச்சு பட வேண்டும். இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியில் உதிர்ந்த அந்தக் கறுப்புத் துகளைத் தின்றுதான் இவை வளர்ந்தன. பாதி கிளீனர் ரத்தம், பாதி அவர் ரத்தம். அந்த மனுஷன் உடம்பில் ஓடியதில் மிச்சம் என்று உலகத்தில் இருப்பது இது ஒன்றுதான்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கட்டிலில் அவர் படுக்கும் இடத்தில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையில் பதியவைத்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. முதல் கடி கணுக்காலில் விழுந்தது. பிறகு இரண்டு, மூன்று, பாதமெல்லாம் பொரி பொரியாகப் பூச்சி. கை தானாகக் கரண்டியிடம் போனது. எடுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அரித்தது, நெருப்பாக அரித்தது. குனிந்தால் கால் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் குனியவில்லை.